540-ம் மூன்று கிலோமீட்டரும்: ரொட்டவேட்டர் மண்ணைக் கடிக்கும் கணக்கு

கே.வி.குப்பம் பக்கத்திலிருந்து ஒரு வாசகர் குரல் பதிவு அனுப்பியிருந்தார். "அண்ணா, மினி டிராக்டர் ஒண்ணு எடுத்திருக்கேன். ரொட்டவேட்டர் போட்டு ஓட்டும்போது லோ செகண்டுல போன்னு ஒருத்தர் சொல்றார். லோ ஃபர்ஸ்ட்டை விட்டு மாறவே மாறாதன்றார் இன்னொருத்தர். சரியான ஸ்பீடு இன்னாண்ணா?"

ரொட்டவேட்டர் என்பது டிராக்டருக்குப் பின்னால் மாட்டி, சுழலும் கத்திகளால் மண்ணைக் கொத்திக் கிளறும் கருவி. லோ ஃபர்ஸ்ட், லோ செகண்ட் என்பவை வண்டி மெதுவாகப் போகும் கியர்கள். இந்தக் கேள்விக்குள் இரண்டு வேகங்கள் இருக்கின்றன. இன்ஜினின் சக்தி டிராக்டருக்குள் இரண்டாகப் பிரிகிறது. ஒரு பங்கு கியர் வழியாகச் சக்கரத்துக்குப் போகிறது. இன்னொரு பங்கு, மாட்டிய கருவியைச் சுழற்றுவதற்காகப் பின்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும் பிடிஓ தண்டுக்குப் போகிறது. கியரை மாற்றினால் வண்டி நகரும் வேகம் மட்டும் மாறும். கை ஆக்சிலேட்டரைத் தொட்டால் இரண்டும் சேர்ந்து மாறும். அதனால் வரிசை இப்படித்தான் இருக்க வேண்டும்: முதலில் ஆக்சிலேட்டரை வைத்து பிடிஓவை அதற்குரிய சுற்றுக்குக் கொண்டுவந்து அங்கேயே விட்டுவிட வேண்டும், பிறகு நடை வேகத்தைக் கியரால் தேர்ந்தெடுக்க வேண்டும். நம்மில் பலர் வசதியான கியரைப் போட்டுவிட்டு, வேகத்தை ஆக்சிலேட்டரால் கூட்டிக் குறைக்கிறோம்.

பிடிஓவுக்கு உரிய சுற்று நிமிடத்துக்கு 540. டயல் மீட்டரில் அதற்கென்று ஒரு குறி இருக்கும். ஒரு காலத்தில் ஒவ்வொரு கம்பெனி டிராக்டரும் ஒவ்வொரு வேகத்தில் தண்டைச் சுற்றியது. ஒருவர் கருவி இன்னொருவர் டிராக்டருக்கு ஒத்துவரவில்லை. 1927-ல் அமெரிக்க வேளாண் பொறியாளர் சங்கம் 536 சுற்று, பத்து கூடலாம் குறையலாம் என்று தரம் வகுத்தது. பின்னாளில் அது 540 ஆக நிலைத்தது. இன்று பள்ளிகொண்டாவில் ஓடும் மினி டிராக்டரும் அந்த எண்ணுக்குத்தான் கட்டுப்பட்டிருக்கிறது. சில மினி டிராக்டர்களில் 750 போன்ற இன்னொரு வேகமும் தருகிறார்கள். ரொட்டவேட்டர் 540-க்குச் செய்யப்பட்டது என்றால் லீவரை அந்தப் பக்கம் தள்ளவே கூடாது.

டீசல் மிச்சமாகும் என்று 400 சுற்றில் ஓட்டுபவர்கள் உண்டு. சக்தி என்பது முறுக்குவிசையும் சுற்றும் சேர்ந்த பெருக்கல். அதே சக்தியை 400 சுற்றில் கடத்த வேண்டுமானால் முறுக்குவிசை 1.35 மடங்கு ஆகவேண்டும். அந்தச் சுமை முழுவதும், பளு மீறினால் தான் அறுந்து கருவியைக் காக்கும் ஷியர் போல்ட்டின் தலையிலும், தண்டை இணைக்கும் கிராஸ் மேலும் விழுகிறது. ஒரே சீசனில் மூன்று முறை போல்ட் அறுந்துவிட்டது, கண் திருஷ்டி என்று வண்டிக்குப் பூசணிக்காய் சுற்றி உடைத்த வீட்டை எனக்குத் தெரியும். புது வண்டிக்குப் பூசை போட்டு எலுமிச்சம்பழம் நசுக்குவதில் எனக்கு ஒரு மறுப்பும் இல்லை. ஆனால் போல்ட் அறுவதற்குக் காரணம் மீட்டரிலேயே தெரியும்போது, அந்தப் பக்கம் யாரும் பார்க்காமல் போவதைத்தான் என்னால் தாங்க முடிவதில்லை.

இனி மண்ணுக்குள் போவோம். நான் மயங்கிக் கிடக்கும் இடம் இதுதான்.

சைக்கிள் டயரின் ஓரத்தில் சுண்ணாம்பால் ஒரு பொட்டு வைத்து உருட்டிப் பாருங்கள். பொட்டு மேலே வரும்போது விரைந்து முன்னே பாயும். தரையைத் தொடும் அந்த ஒரு கணம் மட்டும் அசையாமல் நிற்கும். ரொட்டவேட்டரின் எல் வடிவக் கத்தியும் டிராக்டர் சக்கரம் சுற்றும் திசையிலேயே சுற்றுகிறது. ஆனால் உருளும் வேகத்தைவிடப் பல மடங்கு வேகமாக. பிடிஓவின் 540-ஐ ரொட்டவேட்டரின் கியர்பெட்டி குறைத்துத்தான் கத்திகள் பொருத்திய தண்டுக்குத் தருகிறது. அந்தத் தண்டின் நடுவிலிருந்து கத்தி நுனி 23 சென்டிமீட்டர், சுற்று நிமிடத்துக்கு 200 என்று வைத்துக்கொண்டால், நுனியின் வேகம் விநாடிக்கு 4.8 மீட்டர். டிராக்டர் மணிக்கு 3 கிலோமீட்டரில் போனால் விநாடிக்கு 0.83 மீட்டர்தான் நகர்கிறது. ஆக, வண்டி முன்னே போய்க்கொண்டிருக்க, மண்ணுக்கு அடியில் கத்தி விநாடிக்கு 4 மீட்டர் வேகத்தில் பின்னோக்கி ஓடுகிறது!

அந்த நுனி காற்றிலும் மண்ணிலுமாக வரைவது சுருள் சுருளான ஒரு கோடு. ஜாங்கிரி பிழிபவர் சின்னச் சின்ன வளையம் போட்டபடியே கையை நகர்த்துவாரே, அதே கோடு. ஒரு வளையத்துக்கும் அடுத்த வளையத்துக்கும் நடுவில் மாட்டிய மண்தான் வெட்டுப்படுகிறது. மேலே தடித்தும், கீழே போகப் போக மெலிந்தும் பிறை போல ஒரு துண்டு. அதன் நீளத்தை நான் 'கடி' என்று சொல்வேன்.

கடியைக் கணக்கிடுவது எளிது. வண்டி நிமிடத்தில் போகும் தூரத்தை, அதே தடத்தில் நிமிடத்துக்கு விழும் வெட்டுகளால் வகுத்தால் போதும். ஒரு வட்டத் தகட்டில் ஆறு கத்தி இருந்தால் மூன்று இடமும் மூன்று வலமும் திரும்பியிருக்கும். ஆகவே ஒரு தடத்துக்குச் சுற்றுக்கு மூன்று வெட்டு, நிமிடத்துக்கு 600. மணிக்கு 3 கிலோமீட்டர் என்றால் நிமிடத்துக்கு 5,000 சென்டிமீட்டர். கடி 8.3 சென்டிமீட்டர். 2 கிலோமீட்டரில் போனால் 5.6. 5 கிலோமீட்டரில் பறந்தால் கிட்டத்தட்ட 14.

இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். ஆடி மழைக்குப் பிறகு பள்ளிகொண்டா பக்கம் ஒரு செம்மண் கொல்லையில் உழுது முடித்ததும் மண்டியிட்டு உட்கார்ந்து, பொலபொலவென்று கிடந்த மண்ணைக் கையால் ஒதுக்கினேன். உழாத அடித்தரை கையில் தட்டுப்பட்டது. அது சமதளமாக இல்லை. அலை அலையாக, கடலோர ஈர மணலைத் தடவியது போல இருந்தது. ஒவ்வொரு கத்தி வரிசைக்கும் தனித்தனி மேடு பள்ளம். பள்ளிக்கூட ஸ்கேலை வைத்து ஒரு மேட்டிலிருந்து அடுத்த மேடு வரை அளந்தேன். எட்டு, எட்டரை. காகிதத்தில் போட்ட வகுத்தல் மண்ணுக்குள் அச்சாகிக் கிடந்தது.

கடி சிறுத்தால் மண் பொடியாகும், டீசலும் கூடுதலாகக் குடிக்கும். மீட்டருக்கு 12 வெட்டு விழுந்த இடத்தில் 18 வெட்டு. மண் மாவாவது நல்லதுதானே என்று கேட்கலாம். நம் பக்கத்துச் செம்மண்ணை மாவாக்கினால் ஒரு கனமழையில் மேல்மண் இறுகி ஏடு கட்டிவிடும். மல்லாட்டை (நிலக்கடலை) முளை அதை முட்டித் திறக்கத் திணறும். பூத்த பிறகு விழுது இறங்கவும் மண் இளகியிருக்க வேண்டும். கடி பெரிதானாலோ கட்டிகள் தங்கும், விதைக்கு மண் ஒட்டாது. இலவம்பாடி முள்கத்தரி நாற்று நட மேட்டுப்பாத்தி போடுபவருக்குச் சற்றே சின்னக் கடி பரவாயில்லை. மானாவாரி மல்லாட்டைக்கு எட்டை ஒட்டியே நிற்கலாம் என்பது என் அனுபவம்.

வாடகைக்கு ஓட்டும்போது இந்தக் கணக்கு கெட்டுப்போகிறது. ஏக்கர் கணக்கு என்றால் டிரைவர் விரட்டுகிறார், மணிக் கணக்கு என்றால் கொல்லைக்காரர் விரட்டச் சொல்கிறார். ரெண்டு பேரும் கியரைத்தான் பேசுகிறார்கள், கடியை யாரும் பேசுவதில்லை. கருவி வாங்க மானியம் கிடைக்கிறது, மகிழ்ச்சி. ஒவ்வொரு வட்டாரத்து மண்ணுக்கும் எந்த ஈரத்தில் எத்தனை சென்டிமீட்டர் கடி என்று அளந்து சொல்ல, விரிஞ்சிபுரத்தில் இருப்பது போன்ற வேளாண் அறிவியல் நிலையங்களுக்கு இன்னும் தாராளமாகப் பணம் ஒதுக்க வேண்டும் என்று நான் உறுதியாக நினைக்கிறேன். ஒரு இயந்திரத்தின் விலையில் பல கிராமங்களுக்கு அளந்துவிடலாம்.

பதம் இல்லாத காய்ந்த தரையில் ஓட்டாதீர்கள். கத்தி மண்ணில் இறங்காமல் சக்கரம் போல உருண்டு, வண்டியை முன்னால் தள்ளிவிடும். மினி டிராக்டர் எடை குறைவு, சட்டென்று பாயும்.

மற்ற கருவிகளுக்குச் சுருக்கமாக: கொக்கிக் கலப்பைக்கு பிடிஓ வேண்டியதில்லை, 5 கிலோமீட்டர் வரை போகலாம். மருந்து தெளிப்பானில் பம்பு ஒரே சுற்றில் ஓடட்டும். நடை வேகம் இரட்டித்தால் செடிக்கு விழும் மருந்து பாதியாகும். விதைக்கும் கருவியில் வேகம் கூடினால் தட்டுக்குழியில் விதை உட்கார நேரமிருக்காது. தென்னங்குழி தோண்டும் திருகை மெதுவாகவே ஓட்ட வேண்டும், இல்லாவிட்டால் மண்ணுக்குள் திருகிக்கொண்டு மாட்டிக்கொள்ளும்.

வாசகரிடம் இரண்டு குச்சியை 20 மீட்டர் இடைவெளியில் நடச் சொன்னேன். 540-ல் வைத்துக்கொண்டு, கடக்கும் நேரத்தை செல்போனில் பார்க்க வேண்டும்; 24 விநாடி ஆனால் 3 கிலோமீட்டர். சாயங்காலமே பதில் வந்தது. லோ செகண்டில் 19 விநாடி. அவர் ரொட்டவேட்டரும் 200 சுற்றுதான் என்பதால் கடி பத்தரை சென்டிமீட்டர். லோ ஃபர்ஸ்ட்டில் 27 விநாடி, கடி ஏழரைக்குக் கொஞ்சம் கீழே. மல்லாட்டைக் கொல்லைக்கு லோ ஃபர்ஸ்ட்டையே வைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டேன். அடித்தரையை ஒதுக்கி ஸ்கேல் வைத்து எடுத்த போட்டோவையும் அனுப்பியிருந்தார். முதல் மேடு பூஜ்யத்தில், அடுத்த மேடு ஏழுக்கு ஒரு நூல் தள்ளி.