நம் பக்கம் வராத பந்து

கிப்லிங் வில்லியம்ஸ் என்ற அமெரிக்க உளவியலாளர் ஒருநாள் பூங்காவில் தன் நாயோடு உட்கார்ந்திருந்தார். அவர் முதுகில் ஒரு பிளாஸ்டிக் தட்டு வந்து பட்டது. இருவர் எதிரெதிரே நின்று வீசிப் பிடித்து விளையாடுவார்களே, அந்தத் தட்டு. எடுத்துத் திருப்பி வீசினார். அந்த இருவரும் மறுபடி அவருக்கே வீசினார்கள். சற்று நேரம் மூவருமாக விளையாடினார்கள். பிறகு, சொல்லாமல் கொள்ளாமல், அவர்கள் தமக்குள் மட்டும் வீசிக்கொள்ளத் தொடங்கினார்கள். யாரோ இரண்டு பேர். இனிப் பார்க்கப்போவதும் இல்லை. ஆனாலும் மனம் அவ்வளவு வலித்தது. அந்த வலியையே அவர் ஆய்வுக்கூடத்துக்குக் கொண்டுபோனார்.

அந்த விளையாட்டின் கணினி வடிவம் மிக எளிது. திரையில் மூன்று உருவங்கள், ஒரு பந்து. மற்ற இருவரும் இணையம் வழியாக விளையாடுகிறார்கள் என்று உங்களிடம் சொல்வார்கள். உண்மையில் அவை கணினி இயக்கும் பொம்மைகள். தொடக்கத்தில் ஓரிரு முறை பந்து வரும். அப்புறம் வரவே வராது. 2000-இல் வெளியான ஆய்வில் 62 நாடுகளைச் சேர்ந்த 1,486 பேர் இதை விளையாடினார்கள். ஒதுக்கப்பட்டவர்கள் சில நிமிடங்களிலேயே தங்களைக் குறைவாக மதிப்பிட்டார்கள். பின்னாளில், 'எதிரில் இருப்பது வெறும் கணினிதான்' என்று முன்கூட்டியே சொல்லிவிட்டுச் செய்த சோதனையிலும் அதே சரிவு. தாங்கள் அருவருக்கும் இனவெறிக் கும்பல் பந்தைத் தர மறுப்பதாகச் சொன்னபோதும் மனிதர்கள் காயப்பட்டார்கள்.

இந்தக் கடைசி முடிவைப் படித்தபோது எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. யார் மதிப்பு நமக்கு வேண்டவே வேண்டாமோ, அவர்கள் ஒதுக்கினாலும் உள்ளே ஏதோ ஒன்று இறங்குகிறது. இறங்குவது எது?

உளவியலாளர்கள் அதைத் தன்மதிப்பு என்கிறார்கள்: ஒருவர் தன்னைப் பற்றித் தனக்குள் போட்டு வைத்திருக்கும் மொத்தக் கணக்கு. 1965-இல் மோரிஸ் ரோசன்பர்க் என்ற சமூகவியலாளர் வகுத்த பத்து வாக்கியங்களைக் கொண்டே இன்றும் உலகெங்கும் அதை அளக்கிறார்கள். அது மனதுக்குள் ஒரு குடத்தில் நிரம்பியிருக்கும் சரக்கு என்றுதான் நம்மில் பலர் நினைக்கிறோம். 1995-இல் மார்க் லியரியும் அவருடைய சக ஆய்வாளர்களும் வேறொரு விளக்கம் தந்தார்கள். தன்மதிப்பு சரக்கு அல்ல, வண்டியில் இருக்கும் பெட்ரோல் முள்ளைப் போன்ற ஒரு அளவுமானி. மற்றவர்கள் நம்மை எந்த அளவுக்குச் சேர்த்துக்கொள்கிறார்கள் என்பதை அது ஓயாமல் அளந்து காட்டுகிறது. கூட்டமாக வேட்டையாடி, கூட்டமாகப் பிள்ளை வளர்த்த ஆதி மனிதனுக்குக் கூட்டம் கைவிடுவது என்பது சாவுக்குச் சமம். கைவிடப்படும் முன்பே எச்சரிக்கும் கருவி ஒன்று அவனுக்குத் தேவைப்பட்டது. அந்த முள் கீழிறங்குவதைத்தான் நாம் 'கூனிக்குறுகிப் போனேன்' என்று சொல்கிறோம். இந்த விளக்கத்தை எல்லா ஆய்வாளர்களும் முழுமையாக ஏற்றுவிடவில்லை. ஆனால் திரையில் வராத பந்துக்காக மனிதர் ஏன் கலங்குகிறார் என்பதற்கு, நான் படித்தவற்றில் இதுவே பொருத்தமான விடை.

முள்ளைக் கையால் தள்ளி மேலே வைத்தால் டேங்கில் பெட்ரோல் ஏறாது. இது தெரியாமல் ஒரு மாநில அரசே சிரமப்பட்டது. கலிபோர்னியாவில் ஜான் வாஸ்கான்செல்லோஸ் என்ற சட்டமன்ற உறுப்பினரின் முயற்சியால் 1986-இல் தன்மதிப்புக்கென்றே ஒரு அரசுக் குழு அமைந்தது. மக்களின் தன்மதிப்பை உயர்த்தினால் குற்றம், போதை, பள்ளித் தோல்வி எல்லாம் குறையும் என்று நம்பினார்கள். 2003-இல் உளவியலாளர் ராய் பாமைஸ்டரும் மற்ற மூவரும் அதுவரை வந்த ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தபோது, தன்மதிப்பு மகிழ்ச்சியோடு வலுவாகச் சேர்ந்திருந்தது. மதிப்பெண்ணை உயர்த்தியதற்கோ சான்று மிகக் குறைவு. நன்றாகப் படிப்பதால் தன்மதிப்பு கூடுவதே பெரும்பாலும் நடந்தது.

2009-இல் கனடாவில் நடந்த ஒரு சோதனை இன்னும் வருத்தமானது. 'நான் அன்புக்குரியவன்' என்ற பொருள்படும் வாக்கியத்தை மனதுக்குள் சொல்லிக்கொள்ளும்படி கேட்டார்கள். ஏற்கெனவே தன்மதிப்பு குறைந்திருந்தவர்களுக்கு, சொல்லச் சொல்ல மனநிலை மோசமானது. சொல்லும் சொல்லுக்கும் உள்ளே நம்பியிருந்ததற்கும் இடையே இருந்த தூரம்தான் அவர்கள் கண்ணில் பட்டது. தினமும் கண்ணாடி முன் நின்று தன்னைப் புகழ்ந்துகொள்ளச் சொல்லும் பேச்சாளர்கள் இதைப் படிக்க வேண்டும்.

பாராட்டும் அப்படித்தான். நெதர்லாந்தில் 8 முதல் 12 வயதுக் குழந்தைகளை ஓர் ஓவியத்தைப் பார்த்து வரையச் சொன்னார்கள். சிலருக்கு 'அழகாக வரைந்திருக்கிறாய்' என்றும், சிலருக்கு 'நம்பவே முடியாத அழகு' என்றும் ஓர் ஓவியர் எழுதியதாகச் சொல்லிக் குறிப்புக் கொடுத்தார்கள். தன்மதிப்பு குறைந்த பிள்ளைகள், மிகைப் பாராட்டுக்குப் பிறகு, அடுத்து வரைய எளிய படங்களையே தேர்ந்தெடுத்தார்கள். அவ்வளவு உயரத்தில் ஏற்றி வைத்தபின் விழுந்தால் என்ன ஆகும் என்ற பயம். சோர்ந்திருக்கும் பிள்ளையைத்தான் பெற்றோர் கூடுதலாகப் புகழ்வார்கள் என்பதை நினைத்தால் இதன் கனம் புரியும்.

சரி, முள்ளின் நிலை எதனால் அமைகிறது? பரம்பரைக்கு ஒரு பங்கு உண்டு என்று இரட்டையர் ஆய்வுகள் சொல்கின்றன. யாரோடு நம்மை ஒப்பிடுகிறோம் என்பதற்கும் ஒரு பங்கு உண்டு. உளவியலின் முன்னோடிகளில் ஒருவரான வில்லியம் ஜேம்ஸ் 1890-இலேயே இதை ஒரு வகுத்தல் கணக்காக எழுதினார்: பெற்ற வெற்றியை, எதிர்பார்த்த வெற்றியால் வகுத்தால் வருவது தன்மதிப்பு. உலகிலேயே இரண்டாவது சிறந்த குத்துச்சண்டை வீரர், முதலாமவராக முடியவில்லையே என்று வெட்கத்தால் சாகிறார் என்பது அவர் தந்த உதாரணம். அந்த ஒருவரைத் தவிர உலகில் எல்லாரையும் அவர் வீழ்த்திவிடுவார். அது அவர் கணக்கில் வருவதே இல்லை.

ஹெர்பர்ட் மார்ஷ் என்ற உளவியலாளர் 1980களில் பள்ளிகளில் கண்டதும் இதே கணக்கைத்தான். ஒரே அளவு திறமையுள்ள இரு மாணவர்களில், கெட்டிக்காரர்கள் நிறைந்த பள்ளியில் படிப்பவர் தன் படிப்பைப் பற்றித் தாழ்வாக நினைக்கிறார். சிறு குளத்தில் பெரிய மீனாக இருந்தது, பெரிய குளத்துக்குப் போனதும் சிறுத்துவிடுகிறது. ஊர்ப் பள்ளியில் முதலிடம் வாங்கிவிட்டு மருத்துவக் கல்லூரி விடுதியில் முதல் பருவத்திலேயே 'நான் எதற்கும் லாயக்கில்லை' என்று உடைந்துபோகும் பிள்ளைக்கு நடப்பது இதுதான். மூளை மாறவில்லை, சுற்றியிருக்கும் குளம் மாறிவிட்டது. தமிழ்நாட்டில் பொதுத்தேர்வு முடிவுகளோடு மாநில முதலிடம், இரண்டாமிடம் என்று அறிவிக்கும் வழக்கம் 2017-இல் கைவிடப்பட்டது. சரியான முடிவு. ஆனால் மதிப்பெண் வரிசைப்படி பெஞ்சில் உட்காரவைக்கும் வகுப்பறைகள் இன்னும் இருக்கின்றன என்பது எனக்கு ஆறவே இல்லை.

இதுவரை சொன்னதை வைத்துப் பார்த்தால், சமூகம் இழிவாக நடத்தும் மக்களின் தன்மதிப்பு அடிமட்டத்தில்தானே இருக்க வேண்டும்? அமெரிக்கக் கறுப்பின மக்களிடம் அளந்தபோது அப்படி இல்லை. வெள்ளையர்களைவிடச் சராசரி சற்றுக் கூடுதலாகவே இருந்தது. ஜெனிபர் கிராக்கர், பிரெண்டா மேஜர் என்ற இரு உளவியலாளர்கள் 1989-இல் காரணம் சொன்னார்கள். தன்னைத் தள்ளுபவரின் பார்வையில்தான் கோளாறு என்று அறிந்தவருக்கு, அந்தப் பார்வை உள்ளே இறங்குவதில்லை. 1925-இல் தமிழகத்தில் தொடங்கிய சுயமரியாதை இயக்கத்தை நான் இந்த வெளிச்சத்தில் பார்க்கிறேன். 'உன்னிடம் குறையில்லை, உன்னைத் தாழ்த்தும் ஏற்பாட்டில்தான் குறை' என்று அது மேடைமேடையாகச் சொன்னது.

இந்தக் கவசம் எல்லாருக்கும் கிடைப்பதில்லை. இதே ஆய்வாளர்கள் 1993-இல், உடல் பருமனான இளம்பெண்களை ஓர் ஆண் நிராகரிப்பதுபோல ஒரு சூழலை அமைத்தார்கள். காரணம் உடல் எடை என்று அந்தப் பெண்களுக்குத் தெரிந்தது. ஆனால் அவர்கள் அந்த ஆணைக் குறை சொல்லவில்லை. எடை என் தப்புதானே என்று நினைத்தார்கள். அதனால் அடி முழுதாக உள்ளே இறங்கியது.

நம் வீடுகளில் நிறத்தைப் பற்றி நடக்கும் பேச்சு நினைவுக்கு வருகிறது. தெருவில் யாரோ ஒருவன் 'கறுப்பி' என்றால், அவன் புத்தி அப்படி என்று ஒரு பெண்ணால் உதறிவிட முடியும். 'உன் அக்கா நிறம் உனக்கு வந்திருக்கலாம்' என்று தலை வாரிவிட்டபடியே பாட்டி சொல்லும்போது, அவள் யார் புத்தியைக் குறை சொல்வாள்? சொன்னது, அவளுக்குச் சோறு ஊட்டிய கை.