புள்ளி நின்றால் வண்டியும் நின்றதா?

பாவூர்சத்திரத்திலிருந்து கொல்லத்துக்குக் காய்கறி ஏற்றிப் போகும் லாரிகளுக்கு டிராக்கிங் ஆப் செய்து கொடுத்திருக்கிறேன். ஒருநாள் விடியற்காலையில் மண்டி அண்ணாச்சி போன் செய்தார். "தம்பி, வண்டி ஒரு மணி நேரமா புளியரையிலேயே நிக்குது. டிரைவர் தூங்கிட்டானா?" ஒருவழியாகப் பிடித்தபோது டிரைவர் தென்மலையில் கட்டன் சாயா குடித்துக்கொண்டிருந்தார். எஸ் வளைவு ஏறும்போதே சிக்னல் போய்விட்டது. திரையில் புள்ளி மட்டும் அடிவாரத்தில் நின்றது.

தப்பு என்னுடையதுதான். தகவல் சேமிக்கும் அட்டவணையில் வண்டி எண், அட்சரேகை, தீர்க்கரேகை என்று மூன்றே பத்திகள் வைத்திருந்தேன். கடைக்கும் கோயிலுக்கும் அது போதும். ஓடுகிற வண்டிக்குப் போதாது. 60 கிலோமீட்டர் வேகத்தில் போனால், ஐந்து நிமிடப் பழைய புள்ளி 5 கிலோமீட்டர் பொய்.

சரி, டிரைவர் போனிலிருந்து இடத்தை அடிக்கடி வாங்கினால்? 5 நொடிக்கு ஒன்று என்றால் ஒரு வண்டிக்கு நாளைக்கு 17,280 வரிசைகள். போன் பேட்டரி புனலூர் தாண்டாது.

1997-இலேயே சிஸ்ட்லா, உல்ஃப்சன் என்ற கணினி ஆய்வாளர்களின் குழுவினர் இதற்கு வழி சொல்லிவிட்டார்கள். இடத்தை ஒரு மதிப்பாக வைக்காமல், கிளம்பிய இடம், நேரம், வேகம் சேர்ந்த கணக்காக வைப்பது. யாரும் புதுப்பிக்காமலே, கேட்கிற நேரத்துக்கு ஏற்ப விடை மாறும். போனும் அதே கணக்கைப் போட்டுப் பார்த்து, நிஜ இடம் 500 மீட்டர் விலகினால் மட்டும் தகவல் அனுப்பினால் போதும்.

ஆனால் மலைச்சாலையில் நேர்கோட்டுக் கணக்கு லாரியைக் காட்டுக்குள் இறக்கிவிடும். அதனால் தேசிய நெடுஞ்சாலை 744-இல் செங்கோட்டையிலிருந்து எத்தனையாவது கிலோமீட்டர் என்று வைத்தேன். அப்புறம் இன்னொரு சிக்கல். தகவல் வரவில்லை என்றால் கணக்கு சரியாக இருக்கிறதா, சிக்னல் செத்துவிட்டதா? இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை 'இருக்கேன்' என்று மட்டும் சொல்ல வைத்தேன். அதுவும் வராவிட்டால் திரையில் புள்ளி, 'இதற்குள் எங்கேயோ' என்று சாலையோடு நீளும் கோடாகிவிடும்.

நேரமும் இரண்டு வேண்டும்: போன் இடத்தை எடுத்தது, சர்வருக்கு வந்து சேர்ந்தது. ஆரியங்காவு தாண்டிச் சிக்னல் கிடைத்ததும் தேங்கிய புள்ளிகள் மொத்தமாக வந்து கொட்டும். வந்த நேரத்தை வைத்து வேகம் பார்த்தால் லாரி விமானமாகிவிடும். எனக்கு ஆகியிருக்கிறது. போஸ்ட்கிரெஸ் என்ற தரவுத்தளம் பழகியவர்கள், அதோடு சேரும் மொபிலிட்டிடிபி என்ற நீட்சியைப் பார்க்கலாம். ஒரு பயணம் முழுவதையும் ஒரே மதிப்பாக வைக்கும்.

இப்போது திரை சொல்வது: "4:10-க்குப் புளியரை. இப்போது ஆரியங்காவுக்கும் தென்மலைக்கும் நடுவில் இருக்கலாம்." அண்ணாச்சிக்கு அது பிடிக்கவில்லை. "இருக்கலாம்னா என்ன தம்பி? இருக்கா, இல்லியா?"