ஊரில் கிடக்கும் பழைய டிவி, மிக்சிக்கு யார் பொறுப்பு? தமிழ்நாடு-கேரள எல்லைப் பக்கத்துப் பஞ்சாயத்துகளுக்கு இ-வேஸ்ட் (மின்னணுக் கழிவு) விதி

பஞ்சாயத்தில் இ-வேஸ்ட் சேகரிக்கலாமே என்று யாராவது பேச்செடுத்தால் உடனே வருகிற பதில், "அதுக்கெல்லாம் பொல்யூஷன் போர்டு லைசென்ஸ் வேணுமே" என்பதுதான். பொருளைச் சேகரித்து ஒப்படைக்க மட்டும் என்றால் வேண்டாம். மின்னணுக் கழிவு மேலாண்மை விதிகள் 2022 என்ற மத்திய அரசு விதி 2023 ஏப்ரல் 1 முதல் நடப்பில் இருக்கிறது. அதன்படி பதிவு செய்தே ஆக வேண்டியவர்கள் நான்கு வகைதான்: பொருளைத் தயாரிக்கிற ஆலை, தன் பிராண்டில் விற்கிற அல்லது இறக்குமதி செய்கிற கம்பெனி, பழையதைச் சரிசெய்து மறுபடி விற்கிற நிறுவனம், கழிவிலிருந்து உலோகத்தைப் பிரித்தெடுக்கிற மறுசுழற்சி நிறுவனம். வீடுகளில் கிடப்பதை வாங்கி ஓர் அறையில் பூட்டி வைத்து, பதிவுள்ள மறுசுழற்சி நிறுவனத்திடம் ஒப்படைக்கிற பஞ்சாயத்து இந்த நான்கில் வராது. சொல்லப்போனால், குப்பையோடு கலந்து வரும் மின்னணுக் கழிவைப் பிரிப்பது, எந்தக் கம்பெனி செய்தது என்றே தெரியாத அனாதைப் பொருளைச் சேகரிப்பது, இரண்டையும் பதிவுள்ளவர்களிடம் சேர்ப்பது எல்லாம் உள்ளாட்சி அமைப்புகளின் வேலை என்று விதியே சொல்கிறது.

ஒரே நிபந்தனை, ஸ்குரூ டிரைவரை எடுக்கக் கூடாது. உடைப்பது, வயரை எரிப்பது, போர்டைப் பிரிப்பது எதுவும் பஞ்சாயத்துக் கட்டடத்தில் நடக்கக் கூடாது.

எதெல்லாம் இதில் வரும்? 2016-ல் வந்த பழைய விதியில் 21 வகைப் பொருள்கள்தான் இருந்தன, இப்போது 106. செல்போன், டிவி, கம்ப்யூட்டர், பிரிட்ஜ், வாஷிங் மெஷினோடு அயர்ன் பாக்ஸ், கிரைண்டர் போன்ற சமையலறைச் சாமான்களும் உள்ளே வந்துவிட்டன. இது நம் பக்கத்துக்கு ரொம்ப முக்கியம். கோபாலபுரத்துக்குக் கிழக்கே பொள்ளாச்சி வரைக்கும் எந்த வீட்டுப் பரணைப் பார்த்தாலும் 2006-க்குப் பிறகு அரசு இலவசமாகக் கொடுத்த கலர் டிவியோ, 2011-க்குப் பிறகு வந்த மிக்சி, கிரைண்டர், பேனோ ஏதாவது ஒன்று தூசி படிந்து கிடக்கும், அத்தை வீடு கேரளத்துக் கொழிஞ்சாம்பாறையில் என்றால் அதில் ஒன்று எல்லை தாண்டி அங்கேயும் போயிருக்கும்.

அந்த டிவி பழைய இரும்புக் கடைக்குப் போனால் என்ன ஆகிறது தெரியுமா? பின்பக்க மூடியைக் கழற்றி, பிக்சர் டியூபின் கழுத்தில் சுற்றியிருக்கும் செம்புக் கம்பிச் சுருளுக்காகக் கழுத்தை ஒரே தட்டு தட்டி ஒடிப்பார்கள். செம்பு பைக்குப் போகும், மிச்சக் கண்ணாடி ஓடைக்கரைக்குப் போகும். அந்தக் கண்ணாடியில் ஈயம் இருக்கிறது, ஒரு டியூபில் கிலோ கணக்கில் இருக்கலாம். வயரை எரித்துச் செம்பெடுப்பது இன்னொரு கொடுமை, வயரின் மேலுறையான பி.வி.சி. பிளாஸ்டிக் எரிகிற புகையில் டையாக்சின் என்ற நஞ்சு வரும். கடைக்காரரைத் திட்டி என்ன பயன், அவருக்குச் செம்புக்கு மட்டும்தான் காசு கிடைக்கிறது.

சரி, செலவு யார் தலையில்? இங்கேதான் விதியின் நல்ல பகுதி. பொருளை விற்ற கம்பெனிதான் பொறுப்பு. முன்பு விற்றதை வைத்துக் கணக்குப் போட்டு, ஆயுள் முடிந்ததில் 2023-24, 2024-25 ஆண்டுகளில் 60 சதவீதம், 2025-26, 2026-27-ல் 70 சதவீதம், 2027-28 முதல் 80 சதவீதம் மறுசுழற்சி ஆனதாகக் கம்பெனி கணக்குக் காட்ட வேண்டும். கம்பெனிக்காரர் நம் ஊருக்கு வண்டி அனுப்பப்போவதில்லை. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இணையதளத்தில் மறுசுழற்சி நிறுவனத்திடமிருந்து சான்றிதழ் வாங்கித்தான் கணக்கை நேர் செய்கிறார். தங்கம், செம்பு, அலுமினியம், இரும்பு ஆகிய நான்கு உலோகங்களை எவ்வளவு மீட்டார்கள் என்பதை வைத்து அந்தச் சான்றிதழ் உருவாகிறது. ஆக, மறுசுழற்சி நிறுவனத்துக்கு உலோகத்தின் விலையும் உண்டு, சான்றிதழ் விற்ற காசும் உண்டு. "நாங்க எடுத்துட்டுப் போறதே உங்களுக்கு உதவி, வண்டி வாடகையை மட்டும் குடுத்துருங்க" என்று பேசும் ஏஜென்டிடம் இதை ஞாபகப்படுத்துங்கள். வீட்டுக்காரருக்குக் கிலோவுக்கு இவ்வளவு தர வேண்டும் என்று விதியில் எங்கும் இல்லை, அது பேசி வாங்க வேண்டிய சமாச்சாரம்.

பேசி வாங்க எடை வேண்டும். ஒரு பஞ்சாயத்தில் சேர்வது ஒரு குட்டியானை வண்டிக்குக்கூடக் காணாது, அதற்காகக் காஞ்சிபுரம், திருவள்ளூர் பக்கத்து ஆலையிலிருந்து யாரும் லாரி அனுப்ப மாட்டார்கள். என்னைக் கேட்டால் தனித்தனிப் பஞ்சாயத்தாகத் தொடங்குவதே வீண். நாலைந்து பஞ்சாயத்து சேர்ந்து ஒன்றிய அளவில் ஒரு கிடங்கு, பிளாக் அளவில் ஒரே ஒப்பந்தம் என்று போனால்தான் நிற்கும். கிடங்கு என்றால் பெரிதாக ஒன்றுமில்லை: மழை ஒழுகாத கூரை, சிமென்ட் தரை, பூட்டு, ஒரு தராசு, ஒரு நோட்டு. டியூப் டிவியை அடுக்கும்போது கண்ணாடி கீழே இடிபடாமல் வைக்கவும். டியூப் லைட், சி.எப்.எல். பல்பை அட்டைப்பெட்டியில் தனியாக வைக்கவும், உடைந்தால் பாதரசம் வெளியே வரும்.

பேட்டரி இந்த விதியில் வராது, அதற்கு 2022-லேயே வந்த தனி விதி இருக்கிறது. இன்வெர்ட்டர் பேட்டரியைப் புதிது வாங்கும் கடையிலேயே கொடுத்து விலையில் கழித்துக்கொள்ளலாம். செல்போனில் உப்பிப்போன பேட்டரி இருந்தால் அழுத்தவோ குத்தவோ வேண்டாம், தீப்பிடிக்கும்.

கேரளப் பக்கம் இருப்பவர்களுக்கு வேலை பாதி முடிந்த மாதிரி. மாதம் 50 ரூபாய் வாங்கிக்கொண்டு பிளாஸ்டிக் எடுக்க வருகிற ஹரித கர்ம சேனை அக்காமாரிடம், எந்த மாதம் எதை எடுப்பார்கள் என்று ஒரு காலண்டர் இருக்கும், அதில் இ-வேஸ்ட் எப்போது என்று கேளுங்கள். அவர்கள் சேர்ப்பது எம்.சி.எப். என்ற உள்ளாட்சிச் சேகரிப்புக் கிடங்கு வழியாக அரசின் க்ளீன் கேரளா கம்பெனிக்குப் போகிறது. 2025-ல் நகராட்சி, மாநகராட்சிப் பகுதிகளில் கிலோ கணக்கில் காசு கொடுத்தே வாங்கத் தொடங்கினார்கள், அதனால் சித்தூர் தத்தமங்கலம் நகராட்சிக்காரர்கள் சும்மா தூக்கிக் கொடுத்துவிடாமல் விலைப்பட்டியலைக் கேளுங்கள். தமிழ்நாட்டுப் பக்கம் தூய்மைக் காவலர்கள் மக்கும் குப்பை, மக்காத குப்பை என்று தினமும் வாங்குகிறார்கள். இ-வேஸ்டுக்கு என்று ஒரு நாளை ஒதுக்க வைப்பது மக்கள் கேட்டால்தான் நடக்கும்.

எல்லை தாண்டுவது பற்றி ஒரு வார்த்தை. மறுசுழற்சி நிறுவனங்களின் பதிவு மத்திய வாரியத்தின் ஒரே தளத்தில் இருக்கிறது, அதனால் நிறுவனம் எந்த மாநிலத்தில் இருக்கிறது என்பது பெரிய தடையில்லை. ஆனால் 2024 டிசம்பரில் திருநெல்வேலியில் கேரள மருத்துவக் கழிவு கொட்டிய விவகாரத்துக்குப் பிறகு கோபாலபுரம், வேலந்தாவளம், வாளையார் செக்போஸ்ட்டில் பழைய சாமான் ஏற்றிய வண்டி என்றாலே சந்தேகப் பார்வைதான். பஞ்சாயத்துச் செயலாளர் கையெழுத்திட்ட கடிதம், பொருள் பட்டியல், எடைச் சீட்டு, வாங்கும் நிறுவனத்தின் பதிவுச் சான்று நகல் நாலும் டிரைவர் கையில் இருக்கட்டும்.

அப்புறம், எங்கே கேட்பது? தமிழ்நாட்டில் ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாள்களில் கிராம சபை கூடும். அதில் தீர்மானமாகவே கொண்டு வாருங்கள், சும்மா பேசிவிட்டு வந்தால் மினிட்ஸில் ஏறாது. கேரளாவில் கிராம சபை வார்டு வாரியாக, மூன்று மாதத்துக்கு ஒரு முறையாவது கூட வேண்டும். மலையாளத்தில் எழுத வராதே என்று தயங்க வேண்டாம், கேரள ஆட்சிமொழிச் சட்டப்படி தமிழ்ச் சிறுபான்மையினர் தங்கள் பகுதி அலுவலகங்களுக்குத் தமிழிலேயே எழுதலாம். மனுவில் மூன்று விஷயம் கேட்டால் போதும்: சேகரிக்கும் நாள், வைக்கும் இடம், யாரிடம் ஒப்படைப்பார்கள் என்பது. மூன்றாவதுக்குப் பதிலாக வரும் நிறுவனத்தின் பெயர் மத்திய வாரியத் தளத்தில் இருக்கிறதா என்று நீங்களே தேடிப் பாருங்கள். மனுவுக்கு ஒப்புகைச் சீட்டு வாங்காமல் வந்துவிடாதீர்கள்.