ஸ்பாட் வெல்டு உள்ள பிடிச்சிருக்கா இல்லையா, பிரிக்காமலே எப்படி கண்டுபிடிக்கிறாங்க?

ரெண்டு தகட்ட ஒரு புள்ளியில அமுக்கி, கரன்ட் விட்டு உருக்கி ஒட்டுறதுதான் ஸ்பாட் வெல்டு. ஒரு கார் பாடியில சுமாரா 3000லருந்து 5000 ஸ்பாட் வெல்டு இருக்கும். வெளிய பாத்தா எல்லாமே ஒரே மாதிரி சின்ன வட்டக் குழி, அவ்ளோதான். உண்மையா பிடிச்ச இடம் ரெண்டு தகட்டுக்கும் நடுவுல ஒளிஞ்சிருக்கு, அதான் தலைவலியே.

பழைய வழி உளியும் சுத்தியலும். அடிச்சுப் பிரிச்சா ஒரு தகட்டுல ஓட்டை விழுந்து இன்னொண்ணுல பட்டன் மாதிரி ஒரு துண்டு ஒட்டிட்டு வரணும், 1 மிமீ தகடுன்னா அந்த பட்டன் குறைஞ்சது 4 மிமீ இருக்கணும். சரி, அளந்தாச்சு, ஆனா பாடி காயலான் கடைக்குத்தானே போகும்!

அதனால வெல்டு நடக்கும்போதே கவனிக்கிறாங்க. மெஷினோட செம்பு டிப் ரெண்டும் தகட்ட ரெண்டு பக்கமும் அமுக்க, 8000, 10000 ஆம்பியர்னு கரன்ட் பாயுது, எல்லாம் கால் செகண்டுக்குள்ள முடிஞ்சிடும். அந்த நேரத்துல வோல்டேஜ கரன்டால வகுத்துக்கிட்டே போனா ரெசிஸ்டன்ஸ் கிராஃப் கிடைக்கும், ஓம்ல பத்தாயிரத்துல ஒரு பங்கு அளவுதான், ஆனா நிறைய பேசும். முதல்ல தகட்டு மேல இருக்க மேடுபள்ளம் நசுங்குறதால சடார்னு இறங்கும், அப்புறம் இரும்பு சூடாக சூடாக ஏறும், உள்ள உருகி விரிய ஆரம்பிச்சதும் திரும்ப இறங்கும். அந்த நடு மேடு லேட்டா வந்தா சூடு பத்தலன்னு அர்த்தம், பெரும்பாலும் டிப் தேஞ்சு அகலமாயிருக்கும். திடீர்னு செங்குத்தா விழுந்தா உருகின இரும்பு பொறியா வெளிய பறந்திருச்சு.

வெல்டு ஆறின பிறகுன்னா அல்ட்ராசவுண்ட். ஜெல் தடவி ப்ரோப வச்சா சத்தம் உள்ள போய் எதிரொலிக்கும். ஒட்டலன்னா மேல் தகட்டோட அடியிலயே திரும்பிடும், 1 மிமீக்கு சுமார் 0.34 மைக்ரோசெகண்ட். ஒட்டியிருந்தா ரெண்டு தகட்டையும் தாண்டிப் போய் வரும், கிட்டத்தட்ட இரட்டிப்பு நேரம்.

இதுலயும் ஒரு ஏமாத்துக்காரன் இருக்கான்: ஸ்டிக் வெல்டு. ஜிங்க் பூசின கால்வனைஸ்ட் ஷீட்ல இரும்பு உருகாம ஜிங்க் மட்டும் உருகி ஒட்டிக்கும், எதிரொலி நேரம் கரெக்டா காட்டும். ஆனா உருகி உறைஞ்ச இரும்புக்குள்ள இருக்க பெரிய பெரிய படிக மணிகள் சத்தத்த சிதறடிச்சு சீக்கிரம் அடக்கிடும், ஸ்டிக் வெல்டுல அது இல்லாததால எதிரொலி நீளமா அடிச்சுக்கிட்டே இருக்கும். அந்த எதிரொலியோட நீள வால வச்சுதான் ஸ்டிக் வெல்ட கண்டுபிடிக்கணும்.

அதுக்காக உளிய தூக்கிப் போட முடியாது. பக்கத்துலயே இன்னொரு வெல்டு இருந்தா கரன்ட்ல கொஞ்சம் அது வழியா நழுவிடும், மெஷின் என்னமோ முழுசா குடுத்தேன்னுதான் சொல்லும். அதனால இப்பவும் வெல்டு ஓரமா உளிய லேசா நுழைச்சு, விடுதான்னு பாத்துட்டு, தகட்ட திரும்ப தட்டி படுக்க வச்சிடுறாங்க.