கிலோமீட்டரைப் பார்த்து மயங்காதீர்கள்

போன வாரம் ஒரு தம்பி சேலத்தில் செகண்ட் ஹேண்ட் கார் வாங்கி, நேராக கோவையில் என் ஒர்க்‌ஷாப்புக்கு ஓட்டி வந்தார். 2019 மாடல் டீசல் வண்டி, சிங்கிள் ஓனர், 42,000 கிலோமீட்டர் என்று விளம்பரம். கிளட்ச் பெடலைப் பார்த்தேன். ரப்பரில் வரி ஒன்றுகூட மிச்சமில்லை, ஒரு மூலையில் இரும்பே தெரிகிறது. ஸ்டியரிங் தோல் கைபட்டுக் கைபட்டு வழவழவென்று ஆகிவிட்டது. ஒன்றரை லட்சத்துக்குக் குறையாமல் ஓடிய வண்டி. விளம்பரப் படத்தைக் காட்டச் சொன்னேன், இதெல்லாம் அதிலேயே இருக்கிறது! இந்த மாதம் இப்படி வந்தவர்களில் இவர் மூன்றாவது ஆள்.

டிஜிட்டல் மீட்டரைத் திருப்பிக் கிலோமீட்டரைக் குறைத்துக் காட்ட முடியாது என்று இன்னமும் நம்புகிறீர்களே, அதுதான் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது. முள் மீட்டராவது கழற்றித் திருப்பணும், இப்போது பல வண்டிகளில் ஒரு கருவியைச் சொருகினால் போதும், வேலை முடிந்தது. சரி, மீட்டர் உண்மையாகவே இருக்கட்டும், வருஷக்கணக்கில் ஷெட்டில் நின்ற வண்டியில் பேட்டரி, டயர், ரப்பர் ஹோஸ் எல்லாம் நின்றே கெட்டுப்போயிருக்கும். சர்வீஸ் பில் வரிசையாக வைத்திருப்பவரின் 90,000 கிலோமீட்டர் வண்டியை நான் கண்ணை மூடிக்கொண்டு சிபாரிசு செய்வேன்.

நம்பர் பிளேட்டை மறைத்துப் படம் போட்டிருந்தால் நம்பரைக் கேளுங்கள், தர மறுத்தால் அங்கேயே விட்டுவிடுங்கள். தந்தால் மத்திய அரசின் எம்பரிவாகன் ஆப்பில் போட்டு, பதிவான தேதி, இன்சூரன்ஸ், வண்டி மேல் கடன் பதிவாகியிருக்கிறதா என்று மூன்றையும் பாருங்கள். மழையில் நனைந்த வண்டிப் படத்தை நம்பவே வேண்டாம், ஈரத்தில் பெயின்ட் வித்தியாசமும் கீறலும் தெரியாது. டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும், 2319 என்றால் 2019-ன் 23-வது வாரம் தயாரானது. அதைக் கிட்டத்தில் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். 25,000 ஓடியதாகச் சொல்லும் வண்டியில் நாலு டயரும் புதுசு என்றால் ஏன் மாற்றினீர்கள் என்று கேட்கணும். சீட்டுக்கு அடியில் இருக்கும் கம்பியையும் படம் கேளுங்கள், 2023 மிக்ஜாம் வெள்ளத்தில் மூழ்கிய வண்டி என்றால் துரு அங்கேதான் காட்டிக்கொடுக்கும்.

அப்புறம், ராணுவத்தில் இருக்கிறேன், திடீர் மாற்றல், அதனால் பாதி விலைக்குத் தருகிறேன் என்று அடையாள அட்டையோடு வரும் விளம்பரம். அது காரே இல்லை, மோசடி. வண்டியைக் கண்ணால் பார்க்காமல் டோக்கன் என்று ஒரு ரூபாய்கூட அனுப்பாதீர்கள்.

கல்யாணத்துக்குச் சேர்த்த பணத்தில் வாங்கினேன் அண்ணா என்று அந்தத் தம்பி சொன்னபோது எனக்குப் பதில் வரவில்லை. பார்க்கப் போகும் முன் அந்தப் படங்களை உங்கள் ஊர் மெக்கானிக் ஒருவரிடம் காட்டுங்கள். ரெண்டு நிமிஷம் ஆகும், நானெல்லாம் அதற்குக் காசு வாங்குவதில்லை.