போன் வராத நாட்கள்: எல்லையில் ஆள் இருக்கும் வீடுகளுக்கு

2025 மே 7 அதிகாலை ஆபரேஷன் சிந்தூர் தொடங்கியது. மே 10 மாலை சண்டை நிறுத்தம் அறிவிக்கப்பட்டது. அந்த இடைப்பட்ட நாட்களில் தஞ்சாவூரில் இருக்கும் என் மனநல கிளினிக்குக்கு ஒரத்தநாடு, நீடாமங்கலம், பாபநாசம் பக்கங்களிலிருந்து பெண்கள் வந்தார்கள். நெஞ்சுப் படபடப்பு, மூச்சுத் திணறல், விரல்களில் மரமரப்பு. சிலர் மாரடைப்பு என்று பயந்து வேறு இடத்தில் இசிஜி எடுத்து, அந்தத் தாளோடு வந்திருந்தார்கள். தாளில் ஒன்றும் இல்லை. மகனோ கணவனோ ஜம்முவிலோ ராஜஸ்தானிலோ இருந்தார். இரண்டு நாளாகப் போன் இல்லை. அதுதான் நோய்.

இப்படிப்பட்ட வீடுகளுக்காகத்தான் இதை எழுதுகிறேன். கீழே வருகிறவர்கள் யாரென்று தெரியாதபடி அடையாளங்களை மாற்றியிருக்கிறேன்.

பழைய தலைமுறையில் பட்டாளத்துக்காரரைக் கட்டிக்கொண்ட அம்மாக்களிடம் பேசினால் ஒன்று புரியும். அவர்களுக்கும் பயம் இருந்தது, ஆனால் அதை அவர்கள் வாரக்கணக்கில் பயந்தார்கள். படை எண், பதவி, பெயர், யூனிட், அதற்குக் கீழே 56 ஏபிஓ அல்லது 99 ஏபிஓ (ராணுவத் தபால் நிலைய எண்) என்று எழுதித் தபாலில் போடுவார்கள். முதலாவது டெல்லி வழியாகப் போகும், இரண்டாவது கொல்கத்தா வழியாகக் கிழக்கு எல்லைக்குப் போகும். முகவரியில் ஊர்ப் பெயர் கிடையாது. ஆள் எந்த மலையில் நிற்கிறார் என்று உறையைப் பார்த்து யாருக்கும் தெரியக் கூடாது என்பதற்காகவே அப்படி ஓர் ஏற்பாடு. பதில் வரப் பத்து நாளோ இருபது நாளோ ஆகும். அதற்குள் நாற்று நடவு முடிந்துவிடும். இன்றைக்கு அதே பயத்தை நிமிடக்கணக்கில் பயப்படுகிறோம். வாட்ஸ்அப்பில் அவர் கடைசியாக வந்த நேரம் விடியற்காலை 4.10 என்று இருந்தால், 4.11க்கு என்ன ஆயிற்று என்று மனம் ஓட ஆரம்பித்துவிடுகிறது.

ஆகவே நான் சொல்லும் முதல் யோசனை பலருக்குப் பிடிப்பதில்லை. பீல்டு ஏரியாவுக்கு, அதாவது எல்லை போன்ற களப் பகுதிக்கு, மாற்றல் வந்த உடனே, தினமும் இரவு ஒன்பது மணிக்குப் பேசும் வழக்கத்தை நீங்களே நிறுத்திவிடுங்கள். பீஸ் ஏரியாவில், அதாவது அமைதிப் பகுதியில், குவார்ட்டர்ஸில் சேர்ந்து இருந்த குடும்பம், பீல்டு என்றதும் பெரும்பாலும் மாமியார் வீட்டுக்கோ அம்மா வீட்டுக்கோ திரும்புகிறது. அந்த ஏக்கத்தில் தினசரிப் போனைப் பிடித்துக்கொள்கிறார்கள். ஒன்பது மணி என்று பழகிய வீட்டில் ஒன்பதே காலுக்கு அழுகை தொடங்கும். அதைவிட, கிளம்பும் முன்பே அவரோடு உட்கார்ந்து பேசி, இத்தனை நாள் வரை பேச்சில்லாவிட்டால் அது வழக்கம், அதற்கு மேல் போனால் இன்னாரைக் கேட்கலாம் என்று முடிவு செய்துகொள்வது நல்லது. எத்தனை நாள் என்பதை அவர்தான் சொல்ல வேண்டும், இடத்தைப் பொறுத்து மாறும். படை எண், பதவி, யூனிட், யூனிட்டில் கேட்கக்கூடிய எண், அவருடைய ரெஜிமென்ட்டின் ரெக்கார்ட் ஆபீஸ், அதாவது பணிப் பதிவேட்டு அலுவலகம், எங்கே இருக்கிறது என்பது (மெட்ராஸ் ரெஜிமென்ட் என்றால் நீலகிரியில் வெலிங்டன்) எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி பீரோவில் வையுங்கள். போனில் மட்டும் சேமித்து வைக்காதீர்கள். அந்தப் போன் உடைகிற நாளும் அந்த எண் தேவைப்படுகிற நாளும் ஒன்றாகவே வந்து சேரும்.

போன் ஏன் வருவதில்லை என்பதற்கான காரணங்கள் பெரும்பாலும் சாதாரணமானவை. ஜம்மு காஷ்மீரில் வெளிமாநில ப்ரீபெய்டு சிம் வேலை செய்யாது, போஸ்ட்பெய்டு வேண்டும். முதல் முறை அங்கே போகிறவர்களின் வீடுகளில் இது தெரியாமலேயே ஒரு வாரம் பதறியிருக்கிறார்கள். கடுங்குளிரில் பேட்டரி சீக்கிரம் இறங்கிவிடும். இவை போக, உத்தரவு. போன் பேசினால் அலை போகும், அலையைப் பிடித்தால் இடம் தெரியும். அதனால் முக்கியமான நேரங்களில் போனை அணைத்து ஒப்படைக்கச் சொல்வார்கள். 2020 ஜூலையில் பேஸ்புக், இன்ஸ்டாகிராம் உட்பட 89 செயலிகளைப் போனிலிருந்து நீக்கும்படி ராணுவம் தன் ஆட்களுக்கு உத்தரவிட்டதும் இதே வகைக் கவலையால்தான். 2025 ஜனவரியில் சியாச்சின் பனிமலைக்கே 4ஜி, 5ஜி சேவை போய்விட்டது. இனி எங்கிருந்தும் பேசலாமே என்று கேட்கிறார்கள். கோபுரம் இருப்பது வேறு, பேச அனுமதி இருப்பது வேறு. சண்டை நடக்கும்போது அவர் பேசாமல் இருப்பது அவருக்கும் பக்கத்தில் நிற்பவருக்கும் காப்பு.

அதே காரணத்தால் 'எங்கே இருக்கிறீர்கள்' என்ற கேள்வியைக் கேட்காதீர்கள். அவர் மழுப்புவார். மழுப்பல் உங்களுக்குச் சந்தேகத்தைக் கிளப்பும். வேறு பெண் தொடர்பு என்று முடிவு கட்டிக்கொண்டு என்னிடம் வந்தவர்களும் உண்டு. அதிகாரி என்று சொல்லிக்கொண்டு புதிய எண்ணிலிருந்து அழைத்து, யூனிட் எங்கே நகர்ந்தது என்று உங்களிடம் விசாரிப்பவருக்கும் பதில் சொல்லாதீர்கள். உண்மையான அதிகாரிக்கு அது ஏற்கெனவே தெரியும்.

கெட்ட செய்தி எப்படி வரும் என்பதையும் யாராவது வெளிப்படையாகச் சொல்லித்தான் ஆக வேண்டும். அது தொலைக்காட்சியின் சிவப்புப் பட்டையில் வராது. பக்கத்துத் தெருப் பையன் அனுப்பும் வீடியோவிலும் வராது. யூனிட் முறைப்படி குடும்பத்துக்குத் தெரிவிக்கும்; உள்ளூர் அதிகாரிகளும் வீட்டுக்கு வருவார்கள். 2025 மே மாதத்தில் சுற்றிய வீடியோக்களில் பல பழையவை, சில கணினி விளையாட்டிலிருந்து எடுத்தவை. மத்திய அரசின் பத்திரிகைத் தகவல் அலுவலக உண்மைச் சரிபார்ப்புப் பிரிவு ஒவ்வொன்றாக மறுத்துக்கொண்டிருந்தது. ராணுவ நடமாட்டத்தை நேரலையில் காட்டாதீர்கள் என்று ஊடகங்களுக்கு அரசு அறிவுரையே விட்டது. ஒரு நாளில் இரண்டு முறை, குறித்த நேரத்தில் செய்தி பாருங்கள், போதும். தஞ்சாவூர்க்காரர்களுக்குக் கூடுதலாக ஒரு சங்கடம் இருக்கிறது. 2020 ஜனவரியில் இங்குள்ள விமானப்படைத் தளத்துக்குச் சுகோய் போர் விமானங்கள் வந்தன. அவை தலைக்கு மேல் இரையும்போதெல்லாம் போர் வாசலுக்கு வந்துவிட்டதாகச் சிலருக்குத் தோன்றுகிறது. அது பயிற்சி, சமாதான காலத்திலும் பறக்கும்.

இதையெல்லாம் சொன்னாலும், 'ஒன்றும் ஆகாது, பயப்படாதீர்கள்' என்று நான் யாரிடமும் சொல்வதில்லை. நம் பக்கத்தில் திருச்சி மேஜர் சரவணனைத் தெரியாதவர்கள் குறைவு. 1999 மே 29 அன்று கார்கில் போரில், படாலிக் பகுதியில் வீழ்ந்தார். உடலை மீட்க ஜூலை ஆகிவிட்டது. அந்த ஊர்க்காரர்களிடம் பொய்யான ஆறுதல் எடுபடாது. ஆனால் ஒரு நாள் போன் வராததற்கும் அப்படிப்பட்ட செய்திக்கும் நடுவே நூறு சாதாரணக் காரணங்கள் இருக்கின்றன. மனம் அந்த நூறையும் தாண்டிக் கடைசியில் போய் நிற்கிறது. சிகிச்சை என்று நான் செய்வதில் பாதி, அவர்களைத் திருப்பி அந்த நூறில் உட்கார வைப்பதுதான்.

இனி, என் அறையில் அதிகம் அழுகை வரும் விஷயம். போன் வந்துவிடுகிறது, இரண்டு நிமிடம் பேசலாம். யார் பேசுவது?

கூட்டுக் குடும்பத்தில் இது சின்னக் கேள்வியில்லை. மகன் முதலில் அம்மாவுக்கு அழைத்தால் மருமகள் முகம் வாடுகிறது. மனைவிக்கு அழைத்தால், 'பெற்றவள் நினைப்பு இல்லை' என்று அம்மா அன்று இரவு சாப்பிடுவதில்லை. சமாதானமாகப் போகலாமென்று நடுக்கூடத்தில் ஸ்பீக்கரில் போடுகிறார்கள். மாமனார், மாமியார், நாத்தனார், குழந்தைகள் சூழ்ந்திருக்க, அந்தப் பெண் கணவனிடம் 'சாப்பிட்டீர்களா' என்று மட்டும் கேட்டுவிட்டு நகர்ந்துவிடுகிறாள். திருத்துறைப்பூண்டி பக்கத்திலிருந்து வந்த ஒரு பெண், அவர் பீல்டுக்குப் போனதிலிருந்து கணவனிடம் தனியாக ஒரு வார்த்தை பேசியதில்லை என்றாள். வயிற்று வலி என்று வந்தவள். ஸ்கேன் எல்லாம் எடுத்து முடித்துவிட்டுத்தான் என்னிடம் அனுப்பியிருந்தார்கள்.

இதை மாமியார் மருமகள் சண்டை என்று ஒதுக்கிவிடக் கூடாது. இரண்டு பேரும் ஒரே ஆளுக்காகப் பயப்படுகிறார்கள். அந்தப் பயத்தைக் கொட்ட ஒரே குழாய்தான் இருக்கிறது, அதிலும் தண்ணீர் சொட்டுகிறது. முறை வைத்துக்கொள்ளுங்கள் என்கிறேன். ஒரு முறை அம்மா, அடுத்த முறை மனைவி. யார் பேசினாலும் மற்றவருக்கு முழுவதையும் சொல்ல வேண்டும். மனைவி பேசும்போது கதவு சாத்தியிருக்கலாம், அதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை. இந்த முறையை மகனே அறிவித்துவிட்டால் இன்னும் நல்லது. அம்மாவிடம் மருமகள் சொன்னால் வம்பு, மகன் சொன்னால் ஏற்பாடு. திருத்துறைப்பூண்டிப் பெண்ணை நான் கடிதம் எழுதச் சொன்னேன். 56 ஏபிஓ இன்றும் வேலை செய்கிறது என்று அவளுக்கே தெரியாது. ராணுவத் தபால் துறை 1972இல் தனிப்படைப் பிரிவானது. இன்றும் மலை உச்சி வரை தபாலைக் கொண்டுபோய்ச் சேர்க்கிறது. ஸ்பீக்கரில் படிக்க முடியாத ஒன்றை அவள் கணவன் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான். வயிற்று வலி முழுவதும் போகவில்லை, மாத்திரை குறைந்தது.

எதைச் சொல்வது, எதை மறைப்பது? நம் வீடுகளில் இரண்டு கோஷ்டி. ஒன்று எல்லாவற்றையும் கொட்டும்: ஜூன் 12 மேட்டூர் திறந்தும் கடைமடைக்குத் தண்ணீர் வரவில்லை, பங்காளி வரப்பை வெட்டிவிட்டான், கூட்டுறவுச் சங்கத்தில் கடன் நோட்டீஸ் வந்திருக்கிறது. இன்னொன்று எல்லாவற்றையும் விழுங்கிவிட்டு, 'நாங்கள் நன்றாக இருக்கிறோம்' என்று மட்டும் சொல்லும். இரண்டாவதுதான் அதிகக் கெடுதல் செய்கிறது. அப்பா ஐசியுவில் இருந்ததைப் பள்ளித் தோழனின் வாட்ஸ்அப் வழியாகத் தெரிந்துகொண்ட ஒரு வீரர் லீவில் வந்தபோது சொன்னார்: அதற்குப் பிறகு வீட்டில் யார் 'நன்றாக இருக்கிறோம்' என்றாலும், அடுத்த கேள்வி 'என்ன மறைக்கிறீர்கள்' என்பதாகவே வருகிறதாம். காவல் நிற்கும் மனிதனுக்கு இது ஆபத்து. அவர் முடிவு சொல்ல வேண்டிய விஷயமென்றால் சுருக்கமாக, முடிவு கேட்டே சொல்லுங்கள். உடல்நலம் குறித்தது என்றால் உண்மையை, என்ன சிகிச்சை நடக்கிறது என்பதோடு சேர்த்துச் சொல்லுங்கள். வெறும் எரிச்சலென்றால் அதைக் கேட்க அக்கா தங்கை இருக்கிறார்கள்.

வரப்புத் தகராறு கோர்ட் வரை போய்விட்டால், 1925இல் வந்த இந்தியப் படைவீரர் வழக்குச் சட்டம் ஒன்று இருக்கிறது. போர்ச் சூழலிலோ சிறப்புச் சூழலிலோ பணியில் இருப்பவர் ஆஜராக முடியாதபோது, ராணுவ அதிகாரியின் சான்றிதழைக் காட்டி வழக்கைத் தள்ளி வைக்கக் கேட்கலாம். மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் விசாரியுங்கள். பெயரில்தான் 'முன்னாள்' இருக்கிறது. பணியில் இருப்பவரின் குடும்பமும் அங்கே மனுக் கொடுக்கலாம்.

மௌனம் இந்தப் பக்கத்திலிருந்தும் போகும். 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்தது. பேராவூரணி, பட்டுக்கோட்டை, ஒரத்தநாடு வரை தென்னை சாய்ந்தது, மின்கம்பம் சாய்ந்தது, செல்போன் கோபுரங்கள் செத்துப்போயின. வீடு இருக்கிறதா என்று தெரியாமல் எல்லையில் நாட்களைக் கழித்தவர்கள் பிறகு லீவில் வந்து என்னைப் பார்த்தார்கள். சிலருக்கு அந்த நாட்கள் துப்பாக்கிச் சண்டையைவிட மோசமாக இருந்திருக்கின்றன. ஐப்பசி, கார்த்திகை வந்தால் டெல்டாவில் எந்த வருடமும் இது நடக்கலாம். டெல்டாவுக்கு வெளியே, கோயம்புத்தூரிலோ சென்னையிலோ இருக்கும் ஒரு சொந்தக்காரரின் எண்ணை எல்லையில் இருப்பவரிடம் கொடுத்து வையுங்கள். ஊரிலிருந்து யாராவது வெளியே போனால் முதலில் அந்தச் சொந்தக்காரருக்குத் தகவல் சொல்லட்டும்.

குழந்தை போனுக்கு வர மறுத்தால் விட்டுவிடுங்கள். அப்பா மீது கோபமிருக்கும், அல்லது என்ன பேசுவதென்று தெரியாது. 'அப்பாவிடம் பேசினால்தான் டிவி' என்று மிரட்டுவதைவிட, குழந்தை வரைந்த படத்தைக் கடிதத்தோடு அனுப்பலாம்.

எப்போது டாக்டரிடம் வர வேண்டும்? இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கம் கெட்டால், சாப்பாடு இறங்காவிட்டால், குழந்தையைக் கவனிக்க முடியாமல் போனால், உயிரோடு இருந்து என்ன என்ற எண்ணம் ஒரு முறை வந்தால்கூட வாருங்கள். பக்கத்து வீட்டு அம்மாவின் தூக்க மாத்திரையில் பாதி வாங்கிப் போட்டுக்கொள்ளாதீர்கள்; இந்தப் பாதி மாத்திரைக் கருணை நம் தெருக்களில் நிறையவே இருக்கிறது. நேரில் வரத் தயக்கமாக இருந்தால் 14416 என்ற எண்ணில் டெலிமானஸ் என்ற அரசின் தொலைபேசி மனநல ஆலோசனைச் சேவையை அழைக்கலாம். 2022 அக்டோபரில் தொடங்கிய இலவசச் சேவை, இரவு பகல் எந்நேரமும், தமிழிலும் பேசலாம். படையினருக்கும் அவர்கள் குடும்பத்தினருக்கும் என்றே 2023 டிசம்பரில் புனேயில் ஒரு தனிப் பிரிவு திறந்திருக்கிறார்கள். லீவில் வந்து, பகலெல்லாம் வாய்க்கால் மதகில் தனியாக உட்கார்ந்துவிட்டு, இரவில் கதவு சத்தத்துக்குத் துள்ளி எழும் ஆளுக்கும் அதே எண்தான். அவருக்காக நீங்களே அழைத்துக் கேட்கலாம்.