மூச்சு நின்று நின்று வருவது ஏன்?

பெங்களூரு ஸ்ரீராமபுரத்திலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். மாமனாருக்கு நுரையீரல் புற்றுநோய். இனிச் சிகிச்சையால் பயனில்லை என்று மருத்துவர்கள் சொல்லிவிட்ட பிறகு, வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொண்டார்கள். கடைசி நாட்களில் அவருடைய மூச்சு விசித்திரமாக மாறியது. மெல்லத் தொடங்கி, ஆழமாகி, இரைச்சலாகி, பிறகு சிறுகச் சிறுக மெலிந்து அடியோடு நின்றுவிடும். அரை நிமிடம் மார்பில் அசைவே இருக்காது. சுற்றியிருப்பவர்கள் அழத் தொடங்கும் நேரத்தில் மறுபடி ஒரு சின்ன மூச்சு வரும். திருப்பத்தூரிலிருந்து வந்திருந்த மாமனாரின் தங்கை, "அண்ணனுக்கு மண்ணாசை விடவில்லை, ஊர் நிலத்து மண்ணைக் கரைத்து வாயில் விடுங்கள்" என்றாராம். சென்னையிலிருக்கும் கொழுந்தனாரோ, "வலி தணிக்க அண்ணி கொடுத்த மார்ஃபின்தான் மூச்சை அடக்கிவிட்டது" என்று இன்றுவரை சொல்லிக்கொண்டிருக்கிறாராம். இரண்டில் எது சரி என்று கேட்கிறார்.

இரண்டும் தவறு. அதிலும் கொழுந்தனார் சொல்வது உடலியங்கியல்படி கிட்டத்தட்டத் தலைகீழ். ஏன் என்பதைச் சொல்ல இந்தப் பக்கம் முழுதும் வேண்டும்.

இந்த மூச்சுக்குப் பெயர் உண்டு: செய்ன்-ஸ்டோக்ஸ் சுவாசம். டப்ளின் நகரில் பணியாற்றிய ஜான் செய்ன் 1818-லும், அதே நகரத்து வில்லியம் ஸ்டோக்ஸ் 1854-லும் இதை விவரித்தார்கள். இதயம் பலவீனமானவர்கள், பக்கவாதம் வந்தவர்கள், மரணத்தை நெருங்கியவர்கள் என்று பலரிடம் இது தென்படும்.

பள்ளியில் படித்ததை விரைவாக நினைவூட்டுகிறேன். மூச்சைத் தானாக நடத்துவது மூளையின் அடியிலுள்ள முகுளம். ஆக்சிஜன் குறைவதால்தான் மூச்சு வாங்குகிறது என்று பலரும் நினைக்கிறோம். சாதாரண நாட்களில் மூச்சை ஆள்வது கார்பன் டை ஆக்சைடு. ஹால்டேனும் பிரீஸ்ட்லியும் 1905-லேயே இதைக் காட்டிவிட்டார்கள். இரத்தத்தில் அந்த வாயு கூடினால் அமிலத்தன்மை கூடும். முகுளத்தின் மேற்பரப்பிலும், கழுத்துத் தமனி கிளை பிரியும் இடத்திலும் உள்ள உணரிகள் அதைக் கண்டுகொண்டு மூச்சை ஆழப்படுத்தும். வாயு வெளியேறியதும் மூச்சு தணியும். இப்படித்தான் அதன் அழுத்தம் 40 மில்லிமீட்டர் பாதரச அளவை ஒட்டியே நாள் முழுதும் நிற்கிறது.

இதுவரை பாடப்புத்தகம். எனக்குப் பிடித்த இடம் இனிமேல்தான் வருகிறது.

வாயுவை மாற்றும் இடம் நுரையீரல். அதை அளக்கும் இடமோ கழுத்திலும் மூளையிலும் இருக்கிறது. நுரையீரலில் சுத்தமான இரத்தம் இதயத்துக்குப் போய், அங்கிருந்து மேலே ஏறினால்தான் உணரிகளுக்கு விஷயம் தெரியும். நலமான உடலில் இதற்குச் சில நொடிகள் போதும். இதயம் தளர்ந்தால் அந்த நேரம் இரண்டு மடங்குக்கு மேலும் நீண்டுவிடும். அதாவது மூளை எப்போதும் பழைய அளவைப் பார்த்தே உத்தரவு போடுகிறது.

பெங்களூரில் மொட்டைமாடிக்கு மொட்டைமாடி சோலார் ஹீட்டர் உண்டு. மாடியில் ஹீட்டரும் தரைத்தளத்தில் குளியலறையும் உள்ள வீட்டில் குளித்தவர்களுக்கு நான் சொல்வது உடனே புரியும். வெந்நீர்க் குழாயைத் திறந்தால் குளிர்ந்த நீர்தான் வரும். இன்னும் திறப்போம், அப்போதும் குளிர்ச்சிதான். முழுதாகத் திருகிய சற்று நேரத்தில் தோல் உரியும் சூட்டில் கொட்டும். பதறிப்போய் மூடுவோம்; குழாயில் ஏற்கெனவே இறங்கிவிட்ட கொதிநீர் இன்னும் வந்துகொண்டிருப்பதால் மேலும் மூடுவோம். பிறகு பனிபோல் குளிரும். ஹீட்டரிலும் பழுதில்லை, திருகும் கையிலும் பழுதில்லை. குழாய் நீளம், கை அவசரப்படுகிறது, அவ்வளவுதான். பொறுமையாகக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருகுகிறவர் அதே குழாயில் நிம்மதியாகக் குளித்துவிட்டு வருவார். ஆக, அலைச்சலுக்குத் தாமதம், அவசரம் என்ற இரண்டும் சேர வேண்டும்.

இதையே அந்த மாமனாரின் மார்பில் வைத்துப் பாருங்கள். மூச்சு நின்றிருக்கிறது. நுரையீரலில் கார்பன் டை ஆக்சைடு ஏறுகிறது, முகுளத்துக்கு இன்னும் தெரியாது. தெரிய வந்ததும் சிறு மூச்சு தொடங்குகிறது. ஏறிய வாயு அடுத்தடுத்து வந்து சேரச் சேர மூச்சு ஆழமாகிறது. இதற்குள் நுரையீரல் சுத்தமாகிவிட்டது. ஆனால் மூளையை அடைந்துகொண்டிருப்பது முன்பு கிளம்பிய அமில இரத்தம்தான். ஆகவே தேவைக்கு மீறி மூச்சு இழுக்கிறது. பிறகு சுத்த இரத்தம் வந்து சேர்கிறது, மூச்சு தணிகிறது, வாயுவின் அளவு ஓர் எல்லைக்குக் கீழே போனதும் நின்றே விடுகிறது. வேடிக்கை என்னவென்றால், மார்பு மிக வேகமாக இயங்கும் நேரத்தில் நுரையீரலுக்கு அந்த வேகம் தேவையில்லை. மார்பு அசையாமல் கிடக்கும்போதுதான் அங்கே மூச்சு தேவைப்படுகிறது. காரணமும் விளைவும் ஏறத்தாழ எதிரெதிர்த் திசையில் நிற்கின்றன. மூச்சு சட்டென்று நிற்காமல் இழைந்து ஏறி இழைந்து இறங்குவதும் இதனால்தான். தாமதம் நீள நீள ஒரு சுற்றின் நீளமும் கூடும்.

சரி, நாம் விழித்திருக்கும்போது ஏன் இப்படி ஆவதில்லை? விழிப்பு நிலையே மூச்சை ஓரளவு தாங்கிப் பிடிக்கிறது. வாயு கொஞ்சம் குறைந்தாலும் நாம் மூச்சை விட்டுவிடுவதில்லை. நினைவு மங்கும்போது அந்தத் தாங்கல் போய்விடுகிறது. அதன் பிறகு கார்பன் டை ஆக்சைடு ஒன்றுதான் எசமானன்.

இதை வெறும் ஊகம் என்று தள்ள முடியாது. 1956-ல் ஆர்தர் கைட்டன் குழுவினர் நாய்களின் கழுத்துத் தமனி இரத்தத்தை நீண்ட குழாய்கள் வழியே சுற்றவிட்டு மூளைக்கு அனுப்பினார்கள். இதயமும் நலம், மூளையும் நலம், வழி மட்டும் நீளம். அப்படியும் சில நாய்களுக்குச் செய்ன்-ஸ்டோக்ஸ் மூச்சு வந்துவிட்டது. இன்று செய்தால் நெறிமுறைக் குழு விடாது, ஆனால் இவ்வளவு நேர்மையான கேள்வியைக் கேட்ட சோதனைகள் குறைவு. ஆனாலும் மிக நீண்ட தாமதம் தேவைப்பட்டது. ஆகவே மனிதர்களில் உணரிகளின் அவசரமும் சேர்ந்தே வேலை செய்கிறது. 1977-ல் மேக்கியும் கிளாஸும் தாமதம் கொண்ட ஒரே சமன்பாட்டில் இந்த அலையை வரவழைத்துக் காட்டினார்கள்.

இதன் இளைய உறவை லடாக்கின் லே நகரில் பார்க்கலாம். சுமார் 3,500 மீட்டர் உயரத்தில் ஆக்சிஜன் குறைவால் உணரிகள் கூர்மையாகிவிடுகின்றன. பெங்களூரிலிருந்து மோட்டார்சைக்கிளில் போன திடகாத்திரமான இளைஞர் முதல் இரவில் மூச்சு நின்று நின்று தூங்குவார், திடுக்கிட்டு எழுவார். அவருக்கு எந்த ஆசை தீரவில்லை என்று யாரும் கேட்பதில்லை.

மண்ணைக் கரைத்து ஊற்றும் வழக்கத்துக்கு இப்போது வருகிறேன். அதைக் கண்டுபிடித்தவர்கள் முட்டாள்கள் இல்லை. போன உயிர் திரும்பி வருவதைக் கண்ணால் கண்டவர்கள், எதுவோ பிடித்து இழுக்கிறது என்று நினைத்ததில் வியப்பில்லை. ஆனால் இன்று அதைச் செய்வது கொடுமை. அந்த நிலையில் விழுங்கும் அனிச்சைச் செயல் செத்துப்போயிருக்கும். வாயில் விட்ட நீர் உணவுக்குழாயை விட்டு மூச்சுக்குழாயில் இறங்கும். மண்ணோ, தங்கத்தை உரசிய நீரோ, பாலோ, கங்கை நீரோ, எதுவானாலும் இதே கதைதான். ஊற்றியவுடன் உயிர் பிரிந்தால் ஆசை தீர்ந்தது என்பார்கள். மூச்சடைத்தது என்று யாரும் சொல்வதில்லை. சடங்கு வேண்டும் என்றால், பாலில் நனைத்துப் பிழிந்த பஞ்சால் உதட்டைத் துடைத்துவிடலாம். மனமும் ஆறும், உலர்ந்த உதட்டுக்கும் இதம்.

அடுத்து மார்ஃபின். அது மூச்சைக் குறைக்கும் என்பது உண்மைதான். எப்படிக் குறைக்கிறது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. கார்பன் டை ஆக்சைடு கூடும்போது முகுளம் காட்டும் பதற்றத்தை அது தணிக்கிறது, அதாவது குழாயைத் திருகும் கையின் அவசரத்தை. அவசரம் குறைந்தால் இந்த ஏற்ற இறக்கம் அடங்கத்தான் வேண்டும். மார்ஃபின் மிகுந்துபோனால் தோற்றமே வேறு: மூச்சு வெகுவாக மெதுவாகும் அல்லது ஒழுங்கற்றுப் போகும், எழுப்ப முடியாத உறக்கம் வரும், கண்மணி ஊசிமுனையாகச் சுருங்கும். ஏறி இறங்கி நின்று மீண்டும் ஏறும் அந்த ஒழுங்கான அலை அதன் அடையாளம் இல்லை. வாசகியிடம் மருந்து கொடுத்த குறிப்பு இருக்கும்: தேதி, மணி, அளவு. அதை வைத்துக்கொண்டு, வீட்டுக்கு வந்து பார்த்த மருத்துவரோடு கொழுந்தனாரைப் பேசவையுங்கள். இறப்புக்குப் பிறகு குடும்பத்தோடு பேசுவதும், கடைசிக்காலப் பராமரிப்பு தரும் ஹாஸ்பிஸ் குழுவின் வேலையில் சேர்ந்ததே.

இந்தப் பயத்தை வளர்த்ததில் சட்டத்துக்கும் பங்கு உண்டு. 1985-ன் போதைப்பொருள் சட்டம் வந்த பிறகு, மார்ஃபின் வைத்துக்கொள்ள ஒரு மருத்துவமனை பல உரிமங்களுக்கு அலைய வேண்டியிருந்தது. 2014 திருத்தம் அதை எளிதாக்கியது. மத்தியப் பிரதேசத்திலும் ராஜஸ்தானிலும் உரிமம் பெற்று, மார்ஃபினுக்கு மூலமான அபினைப் பயிரிட்டு ஏற்றுமதி செய்யும் நாடு நாம். அப்படியிருந்தும் 2017-ல் லான்செட் மருத்துவ இதழ் அமைத்த ஆணையத்தின் கணக்குப்படி, இங்கே வலி தணிப்புக்கு வேண்டிய அளவில் கிடைத்தது சுமார் 4 சதவீதம். புதிய புற்றுநோய் மருந்துக்கான ஆராய்ச்சி என்றால் பணமும் தலைப்புச் செய்தியும் வருகின்றன. காப்புரிமை காலாவதியான மலிவு மாத்திரையை மாவட்ட மருத்துவமனைக்குக் கொண்டுசேர்ப்பது எப்படி என்ற ஆராய்ச்சிக்கு யாரும் ரிப்பன் வெட்டுவதில்லை. என் கருத்தில், நம் நாட்டில் மருத்துவ ஆராய்ச்சிப் பணத்தின் மிக மோசமான கோணல் இதுதான்.

ஹாஸ்பிஸ் என்பது சாகப்போகிறவர்களைக் கொண்டுபோய் விடும் இடம் என்ற எண்ணம் நம் வீடுகளில் இன்னும் இருக்கிறது. சிசிலி சாண்டர்ஸ் என்ற மருத்துவர் 1967-ல் லண்டனில் தொடங்கிய ஹாஸ்பிஸ் முறை, மும்பை பாந்த்ராவில் 1986-ல் சாந்தி அவேத்னா சதனாக இந்தியாவுக்கு வந்தது. பெங்களூரில் கருணாஸ்ரயா முற்றிய புற்றுநோயாளிகளை இலவசமாகப் பார்த்துக்கொள்கிறது. வீட்டுக்கும் ஆள் அனுப்புகிறது. அப்படி வரும் நர்ஸ் முதலில் பார்ப்பது நோயாளியின் நெற்றியை. மூச்சு எப்படி இருந்தாலும், நெற்றி சுருங்காமல், முனகல் இல்லாமல், கை கால் பரபரக்காமல் இருந்தால் அவர் துன்பப்படவில்லை என்று கொள்ளலாம். நினைவு மங்கிய நிலையில் மூச்சு நிற்பதை உணர்வது நாம்தான், அவரில்லை.

தொண்டையில் கரகரவென்று கேட்கும் ஒலியும் அப்படித்தான். விழுங்க முடியாமல் தங்கும் எச்சிலும் கோழையும் காற்றில் அதிர்கின்றன. ஒருக்களித்துப் படுக்கவைத்தால் ஓரளவு குறையலாம். சுரப்பைக் குறைக்கும் மருந்தும் உண்டு. குழாய் விட்டு உறிஞ்சுவது பெரும்பாலும் அவருக்குத் தொல்லை, நமக்கு ஆறுதல்.

நினைவோடு மூச்சுத் திணறுகிறவர் விஷயம் வேறு. வீடு பதறி ஆக்சிஜன் சிலிண்டருக்கு ஓடும். இரத்தத்தில் ஆக்சிஜன் மிகவும் குறையாத நோயாளிகளுக்கு, அதே குழாய் வழியே வெறும் காற்றைக் கொடுத்தாலும் ஆக்சிஜனுக்கு நிகரான நிம்மதியே கிடைத்தது என்று 2010-ல் லான்செட்டில் வந்த ஒரு சோதனை காட்டியது. வாடகை சிலிண்டருக்கு முன், கையளவு மின்விசிறியை முகத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். கன்னத்திலும் மூக்கிலும் பரவும் முப்பெருநரம்பு குளிர்காற்றை உணரும்போது திணறல் உணர்வு குறைகிறது. சிறிய அளவு மார்ஃபின் தருவதும் இந்தத் தவிப்புக்காகத்தான்.

பக்கத்தில் உட்கார்ந்து பேசுங்கள். 2020-ல் வான்கூவரில் ஒரு ஹாஸ்பிஸில், பதில் சொல்லும் நிலையைக் கடந்தவர்கள் சிலருடைய மூளை, ஒலி மாறுவதற்கேற்ப அலை எழுப்பியதைப் பதிவு செய்தார்கள். சொல் புரிந்தது என்பதற்கு அது ஆதாரம் ஆகாது. ஆனால் படுக்கையருகே நிலத் தகராறு பேசாமல் இருக்க இந்த அளவு ஆதாரம் போதும்.

வாசகி கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இன்னொரு வீட்டுக்கு உதவும். மூச்சு நின்று வரும் அந்த இரவில்தான் யாராவது ஆம்புலன்ஸை அழைப்பார்கள். அது ஐ.சி.யூ.வில் போய் முடியும். குழாய், வெண்டிலேட்டர், கண்ணாடிக்கு வெளியே குடும்பம். வேண்டாம் என்று சொல்லும் உரிமையை உச்ச நீதிமன்றம் 2018-ல் ஏற்றது. முன்கூட்டியே எழுதிவைக்கும் முறையை 2023-ல் எளிதாக்கியது. 2025 ஜனவரியில் கர்நாடக சுகாதாரத் துறை இதற்கான சுற்றறிக்கையும் வெளியிட்டது. நோயாளி பேசும் நிலையில் இருக்கும்போதே அவர் விருப்பத்தைக் கேட்டு எழுதி, நோட்டரி கையெழுத்து வாங்கிவிடுங்கள். வீட்டில் இறந்தால் இறப்புக்கான காரணத்தை 4ஏ படிவத்தில் எழுதித்தர ஒரு மருத்துவர் வேண்டும். பின்னிரவில் அந்த மருத்துவரைத் தேடுவது பெரும் அவதி. எந்த மருத்துவர் வருவார், அவர் ஊரில் இல்லாவிட்டால் யாரை அழைப்பது என்று வீட்டுக்கு வரும் நர்ஸிடம் முன்பே கேட்டு, இரண்டு எண்களையும் வீட்டில் எல்லோருடைய கைபேசியிலும் பதிந்துவைத்துக்கொள்ளுங்கள்.